நொட்டிங் ஹில் கார்னிவல்: ஒரு தையல்காரி பார்த்த விதம்

லண்டன் தெருக்களில் நடக்கும் நொட்டிங் ஹில் கார்னிவல் திருவிழாவுக்குப் போய் வந்த எங்கட ஆக்களிடம் கேட்டால் இரண்டே விசயம் சொல்லுவார்கள். காது கிழியிற சத்தம், கால் வைக்க இடமில்லாத சனம். இரண்டும் பொய்யில்லை. ஆனால் நான் வெம்பிளியில் சாறிப் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள். கலியாண வீட்டுக்குப் போனாலும் பொம்பிளையின் முகத்துக்கு முதல் கழுத்து வெட்டுத்தான் என் கண்ணில் படும். அதனால் இந்த மதிப்புரை உடுப்பைப் பற்றியது. சத்தத்தையும் சனத்தையும் பற்றி எழுத வேறு ஆக்கள் இருக்கினம்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பென்னியும் கொடுக்காமல் லண்டனில் பார்க்கக்கூடிய மிகப் பெரிய கைவேலைக் கண்காட்சி இதுதான். எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது என்று தெரிந்து போனால் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். தெரியாமல் போனால் முன்னுக்கு நிற்கிறவரின் முதுகைப் பார்த்துவிட்டு, ஆறிப்போன கோழியைத் தின்றுவிட்டு வரவேண்டியதுதான்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஓகஸ்ட் மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை இங்கே வங்கி விடுமுறை. அன்றைக்கும் அதற்கு முதல் நாள் ஞாயிறும் மேற்கு லண்டனின் அந்தப் பகுதித் தெருக்கள் முழுவதும் கரீபியன் ஆக்களின் கையில். இரண்டு நாளிலும் சேர்த்து 20 லட்சம் பேர் என்று வழமையாகக் கணக்குச் சொல்லுவார்கள். ஊர்வலம் கிரேட் வெஸ்டர்ன் றோட்டில் இருந்து செப்ஸ்டோ றோட், வெஸ்ட்போர்ன் குரோவ், லாட்புரோக் குரோவ் என்று சுற்றிக் கென்சல் றோட் பக்கம் வந்து சேரும். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பாட்டு லொறி, அதன் பின்னால் ஒரே கருப்பொருளில் உடுத்திய நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர். இந்தக் குழுக்களுக்கு மாஸ் பாண்ட் என்று பெயர். உடுத்திக்கொண்டு ஆடப் போவதை அவர்கள் "மாஸ் விளையாடுறது" என்பார்கள்.

இதன் தொடக்கம் ஒரு மண்டபத்துக்குள். 1958 இல் நொட்டிங் ஹில்லில் வெள்ளை இளைஞர் கூட்டங்கள் கரீபியன் குடும்பங்களைத் தேடித் தேடி அடித்தன. அந்தக் கசப்பை மாற்றவென்று கிளாடியா ஜோன்ஸ் என்ற பெண், 1959 ஜனவரி 30 அன்று, நடுக் குளிரில், சென்ற் பாங்கிராஸ் நகர மண்டபத்தில் ஒரு கார்னிவல் வைத்தார். கரீபியன் தீவான ட்ரினிடாட்டில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, கம்யூனிஸ்ட் என்று அங்கிருந்து நாடு கடத்தப்பட்டு லண்டனுக்கு வந்தவர் அவர். தெருவுக்கு வந்தது 1966 இல். ரோன் லாஸ்லெட் என்ற சமூக சேவகி அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்காக நடத்திய விழாவில் ரசல் ஹென்டர்சனின் ஸ்டீல் பான் (எண்ணெய் பீப்பாவில் செய்த வாத்தியம்) குழு வாசித்தபடியே தெருவில் நடக்கத் தொடங்க, சனம் பின்னால் போனது. 1973 இல் லெஸ்லி பாமர் பொறுப்பெடுத்துத் தீவுகளின் மாஸ் பாண்டுகளையும் பெரிய ஒலிபெருக்கிக் குழுக்களையும் கூப்பிட்ட பிறகுதான் இன்றைய வடிவம் வந்தது. என் தொழில் கண்ணோடு பார்த்தால் இதில் ஒரு நியாயம் தெரியும். மண்டபத்துக்குள் தைக்கும் உடுப்புக்குக் கதவின் அகலம்தான் எல்லை. றோட்டுக்கு வந்தால் இரண்டு பக்க நடைபாதையும் எல்லை.

எனக்கு இதெல்லாம் சொல்லித் தந்தது ஒரு ட்ரினிடாட் அன்ரி. திரைச்சீலை கட்டையாக்க என் கடைக்கு வந்தவர். நான் ஒரு பிளவுஸில் ஆரி வேலைக்குக் கல் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டார். "பிள்ளை, இந்தக் கல்லை ஏன் ஒவ்வொன்றாக வைக்கிறாய், வரிசையாகக் கோர்த்த நாடா இருக்கே" என்று கேட்டார். வாடிக்கையாளர் என் வேலைக்கு யோசனை சொன்னால் எனக்குப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னது சரி. பேச்சு வளர்ந்து, ஒரு கோடையில் ஹார்ல்ஸ்டன் பக்கம் உள்ள ஒரு மாஸ் காம்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

மாஸ் காம்ப் என்றால் உடுப்புச் செய்யும் பட்டறை. சில குழுக்களுக்கு நிரந்தர இடம் இருக்கும், சில குழுக்கள் யாருடையவாவது கராஜிலோ சமூக நிலையத்திலோ மேசை போட்டு வேலை செய்யும். நான் பார்த்ததில் பாதிப் பேர் பகல் வேலை முடித்துவிட்டு நேரே வந்தவர்கள். தாதி உடுப்போடு ஒருத்தி இறகு ஒட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுப் பெடியன் ஒருத்தன் அலுமினியத் தகட்டை முழங்காலில் வைத்து வளைத்துக்கொண்டிருந்தான்.

ஆட்டக்காரர் முதுகில் மாட்டிக்கொண்டு வரும் இறகு முதுகுப்பட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதில் உள்ள வேலை விளங்கும். தூரத்தில் பார்க்கிறவர் இறகு உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று நினைப்பார். உண்மையில் உள்ளே ஒரு எலும்புக்கூடு இருக்கிறது. தோளைச் சுற்றி இரண்டு வளையம், முதுகின் நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து விசிறி மாதிரி விரியும் கம்பிகள். ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு சின்னக் குழாய், அந்தக் குழாய்க்குள் இறகின் காம்பு. வெளியில் நீட்டிக்கொண்டிருப்பது பெசன்ட் பறவையின் வால், நடுவில் சேவல் வால், அடியில் கம்பியை மறைக்கத் தீக்கோழியின் மென்னிறகு. தோளில் படும் இடத்தில் நுரை வைத்து, வியர்வை ஊறாத துணியால் சுற்றியிருக்கும். பாரம் தோளில் இறங்கினால் அரை மணித்தியாலத்தில் கழுத்துப் பிடித்துவிடும், அதனால் பாரத்தை இடுப்புக்கு இறக்க ஒரு பட்டி வேறு. இத்தனையும் போட்டுக்கொண்டு ஒரு பெண் காலை பத்தரையிலிருந்து பொழுது சாயும் வரை ஆடவேண்டும், குனியவேண்டும், வாகனப் பாலத்துக்குக் கீழே நுழையவேண்டும். பிளவுஸ் தைக்கிறபோது கை தூக்கினால் அக்குள் இழுபடக்கூடாது என்று நான் பார்க்கிற கணக்கு, இங்கே முழு உடம்புக்கும் உண்டு.

இந்தக் கம்பி வளைக்கும் வேலை ட்ரினிடாட்டில் தனிக் கலை. தாள் அச்சோ அளவு நாடாவோ இல்லாமல், கண் அளவிலேயே ஒரு வல்லூறின் இறக்கையைக் கம்பியில் வளைத்துக் காட்டும் கிழவர்கள் அங்கே இருந்தார்களாம். லண்டனில் இந்த வேலையின் பெயர்போன வீடு ஹார்ல்ஸ்டனில் உள்ள மஹோகனி. 1989 இல் கிளாரி சலாண்டியும் மைக்கேல் ராம்தீனும் தொடங்கியது. கம்பிக்குப் பதில் வளைந்து கொடுக்கும் கண்ணாடியிழைக் குச்சிகளில் துணியை இழுத்துக் கட்டுவது அவர்களின் கைமுறை. ஆடுகிறவர் ஒரு அடி வைத்தால் மேலே உள்ள இறக்கை தானாக ஒரு அலை அடிக்கும். அதில் இறகே இருக்காது. துணி மட்டும்தான். ராம்தீன் என்ற பெயரைப் பார்த்தாலே கதை விளங்கும். 1845 இல் இருந்து 1917 வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட ஆக்கள் ட்ரினிடாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பெரும்பாலும் கல்கத்தாவிலிருந்து, கொஞ்சம் பேர் மெட்ராஸிலிருந்தும்.

அந்த வழித்தடம் கார்னிவலில் வேறு இடத்திலும் தெரியும். பரோக்கீட் என்று ஒரு பழைய வேசம். இடுப்பில் கழுதை உருவத்தை மாட்டிக்கொண்டு, தானே அதில் ஏறிப் போகிற மாதிரி ஆடுவது. பாவாடைத் துணி ஆடுகிறவரின் காலை மறைக்கும். எங்கட பொய்க்கால் குதிரை அப்படியே. கழுதை வேசம் ஸ்பானியப் பக்கத்தால் வந்தது என்கிறார்கள். ஆனால் ட்ரினிடாட் போன இந்தியர்களிடம் தனியாக ஒரு குதிரை வேசமும் இருந்தது, அதற்குச் சுமாரி என்று பெயர். எது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று நான் சண்டை பிடிக்க வரவில்லை. துணியைக் கீழே தொங்கவிட்டுக் காலை மறைக்கிற வெட்டு ஒன்றே ஒன்றுதான், அது எந்த ஊர் தையல்காரருக்கும் தெரியும்.

என்னை நடுத்தெருவில் நிறுத்திய துணி வேறு. டொமினிக்கா, சென்ற் லூசியாத் தீவுப் பெண்கள் சிலர் வெள்ளைச் சட்டைக்கு மேல் சிவப்பு மஞ்சள் கட்டம் போட்ட பாவாடையும், அதே துணியில் தலைக்கட்டும் கட்டி வந்தார்கள். பார்த்த உடனே என் வாய் "சாரத் துணி" என்றது. பக்கத்தில் நின்ற அன்ரி "மட்ராஸ்" என்றார். உண்மையில் அந்தத் துணிக்கு அந்தத் தீவுகளில் இன்றைக்கும் மட்ராஸ் என்றுதான் பெயர். தென்னிந்தியக் கரையில் கைத்தறியில் நெய்து மெட்ராஸ் துறைமுகத்தால் ஏற்றிய கட்டத்துணி, ஆபிரிக்காவுக்கும் கரீபியனுக்கும் வியாபாரத்தில் போய், அடிமைப்பட்ட பெண்களின் ஞாயிற்றுக்கிழமைத் தலைத்துணியாகி, இன்றைக்கு அங்கே தேசிய உடையாக நிற்கிறது. ஜமெய்க்காவின் பண்டானா உடுப்பும் அதே கட்டம்தான். நான் ஒரு அம்மாவிடம் கேட்டு முந்தானையை, அதாவது தலைக்கட்டின் நுனியை, விரலால் உரசிப் பார்த்தேன். இது தறித்துணி இல்லை, அச்சடித்த பருத்தி. இரண்டு பக்கமும் ஒரே நிறம் இல்லை. தறியில் நெய்தால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக இருக்கும். அவர் சிரித்துவிட்டு, வீட்டில் பாட்டியின் உண்மையான துண்டு ஒன்று இருக்கிறது, அதை இந்தத் தூசிக்குள் கட்டிக்கொண்டு வருவேனா என்றார். நானும் வரமாட்டேன்.

இனிக் குறை. ஊர்வலத்தில் வரும் உடுப்பில் பெரும்பகுதி இப்போது ஒரே மாதிரி. மணி தைத்த மார்க்கச்சை, மணி தைத்த கீழ்த்துண்டு, கையில் காலில் இறகு வளையம், முதுகில் இறகு. நீலப் பிரிவு, செம்மஞ்சள் பிரிவு என்று நிறம் மட்டும் மாறும். குழுவின் கருப்பொருள் கடலாம், அடுத்த குழுவுக்குக் காடாம். இரண்டையும் மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. விலை சில நூறு பவுண். முன்வரிசை உடுப்பு என்றால் இறகும் கூட, காசும் கூட. அந்தக் காசுக்குள் லொறி, குடிவகை, பாதுகாப்பு ஆக்கள், சில குழுக்களில் கூடவே வரும் ரொய்லெட் வண்டி எல்லாம் அடக்கம் என்பதையும் சொல்லவேண்டும். உடம்பைக் காட்டுகிறார்கள் என்று முகம் சுழிக்கும் கூட்டத்தில் என்னைச் சேர்க்காதேயுங்கோ. உடம்பு அவரவருடையது, அறுபது வயது அம்மாக்கள் அதைப் போட்டுக்கொண்டு ஆடுகிற துணிச்சலுக்கு நான் கைதட்டுவேன். என் வருத்தம் தொழில் வருத்தம். இறகையும் மணியையும் கட்டுக்கட்டாக வாங்கிக் குளூ கன்னால் ஒட்டினால் அது பொருத்துகிற வேலை. தையல் இல்லை.

மாஸ் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு பீட்டர் மின்ஷல் ஒருவரே சாட்சி. ட்ரினிடாட் மாஸ் கலைஞர், லண்டனில் நாடக வடிவமைப்புப் படித்தவர். 1992 பார்சலோனா ஒலிம்பிக், 1996 அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் இவர் கை இருந்தது. தெருவில் கற்ற வேலை உலக மைதானத்துக்குப் போனது. அந்த வேலையின் வாரிசுகள் நொட்டிங் ஹில்லில் இன்னும் வருகிறார்கள். தேடித்தான் பார்க்கவேண்டும். சின்னக் குழுக்கள், பிள்ளைகள் நிறைய உள்ள குழுக்கள், பாடசாலையோடும் கலை நிலையத்தோடும் தொடர்புள்ள குழுக்கள். அவற்றின் லொறியில் சத்தம் குறைவு, உடுப்பில் யோசனை கூட. பொய்க்காலில் நடந்து வரும் மோக்கோ ஜம்பிகளைக் கண்டால் விடவேண்டாம். முழங்காலுக்குக் கீழே கட்டை, அதன் மேல் நீளக் காற்சட்டை. அந்தக் காற்சட்டையின் கால் நீளம் என் உயரத்தை விடக் கூட.

எங்கே நிற்கிறது? லாட்புரோக் குரோவ் ஸ்டேசனைச் சுற்றி நிற்காதேயுங்கோ. எல்லாரும் அங்கேதான் போவார்கள், பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு அங்கே உங்கள் கால் உங்கள் சொல் கேட்காது. ஸ்டேசனும் கார்னிவல் நாளில் பூட்டிக் கிடக்கும். நான் சொல்வது கிரேட் வெஸ்டர்ன் றோட். நடுவர்கள் இருந்து புள்ளி போடும் இடம் அங்கேதான். நடுவருக்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் நின்று, விரிந்து, உடுப்பை முழுதாகக் காட்டி ஆடும். உடுப்பு அப்போதுதான் புதிது. இறகு நிமிர்ந்து நிற்கும், முகத்தில் ஒட்டிய கல் எல்லாம் இடத்தில் இருக்கும். அதே குழுவை ஐந்து மணிக்கு வெஸ்ட்போர்ன் குரோவில் பார்த்தால் பாதிப் பேர் முதுகுப்பட்டியைக் கழற்றிக் கையில் கொண்டு போவார்கள், றோட்டில் இறகு மிதிபடும். எனவே காலை பத்தரைக்கு முன்னம் போய் இடம் பிடியுங்கோ. பகல் ஒரு மணி வரை நின்றால் போதும். பெரிய குழுக்கள் பிந்தித்தான் வரும் என்பது உண்மை. இரண்டு குழுவுக்கு நடுவில் அரை மணித்தியாலம் வெறும் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதும் உண்டு. அட்டவணை என்று ஒன்று இருந்தாலும் அதை யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை.

ராஜா, ராணி என்று சில குழுக்களில் ஒரு பெரிய உடுப்பு வரும். ஒருவர்தான் சுமப்பார், ஆனால் பாரம் தாங்கக் கீழே சில்லு இருக்கும். அந்தச் சில்லுகள் நடைபாதை ஓரத்துப் பள்ளத்தில் மாட்டி, பின்னால் நாலு பேர் ஓடிவந்து தூக்கிவிடுவதையும் பாருங்கோ. அதுவும் நிகழ்ச்சிதான்.

செப்ஸ்டோ றோட் திருப்பத்தில் ஒரு பெட்டைக்கு முதுகுப்பட்டியின் தோள்வார் அறுந்துவிட்டது. ஒரு பக்கம் சரிந்த இறகைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிற நிலையில் நின்றாள். என் கைப்பையில் சட்டைப் பின்னும் தடித்த நூல் கோர்த்த ஊசியும் எப்போதும் இருக்கும், வேறு சாமான் மறந்தாலும் இது மறவாது. வாரைத் திருப்பிப் பார்த்தேன். அறுந்தது துணி இல்லை. தையல் போட்ட இடத்தில் ஒற்றைத் தையல், திரும்பி வந்து பூட்டுத் தையல் போடவில்லை. இவ்வளவு பாரம் தொங்கும் இடத்தில் சதுரம் போட்டு நடுவில் குறுக்காக இரண்டு கோடு தைக்கவேண்டும், பள்ளிக்கூடப் பைக்குக் கூட அப்படித்தான் தைப்பார்கள். நின்றபடியே ஆறேழு குத்துப் போட்டு, மேலே இரண்டு பின்னும் குத்திவிட்டேன். "அன்ரி, யூ ஆர் அன் ஏஞ்சல்" என்று என் கன்னத்தில் மினுமினுப்புப் பூசிவிட்டு ஓடினாள். அவளுடைய குழு எது என்று எழுதமாட்டேன். ஆனால் அந்த விலைக்கு அந்தத் தையல் அநியாயம்.

பாட்டைப் பற்றி நான் பெரிதாகச் சொல்ல ஆள் இல்லை. ஆனால் ஸ்டீல் பானைத் தவறவிடாதேயுங்கோ. எண்ணெய் பீப்பாவின் அடியைச் சுத்தியலால் அடித்துக் குழித்து, அந்தக் குழிக்குள் இடத்துக்கு ஒரு சுரம் வரச் செய்த வாத்தியம் அது. ட்ரினிடாட்டில் பிறந்தது. சனிக்கிழமை பின்னேரம் எம்ஸ்லி ஹோர்னிமன் பூங்காவில் பான் குழுக்களுக்கிடையே பனோரமா என்ற போட்டி நடக்கும். நோட்டுத் தாள் ஒருவர் முன்னாலும் இல்லை, அத்தனையும் மனப்பாடம். அந்தச் சனிக்கிழமையையும் சேர்த்த மூன்று நாளிலும் ஆறுதலாகக் குந்தியிருந்து கேட்கக்கூடியது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நெஞ்சுக் கூட்டில் இடிக்கும். தெருமூலைகளில் ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கிய ஒலிபெருக்கிகள் பகல் 12 மணிக்குத் தொடங்கி இரவு 7 மணிக்கு நிற்கும். காதுக்குப் பஞ்சு போதாது, மருந்துக்கடையில் விற்கும் காதடைப்பான் வாங்குங்கோ. இத்தனை சத்தமும் இரண்டு நாளும் பின்னேரம் 3 மணிக்கு 72 விநாடி நிற்கும். 2017 இல் பக்கத்திலேயே எரிந்த கிரென்ஃபெல் கோபுரத்தில் செத்த 72 பேருக்காக. லொறி, ஒலிபெருக்கி, விசில் எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும்.

சாப்பாடு. ஜேர்க் கோழி என்பது மிளகாயும் ஓல்ஸ்பைஸும் தைம் இலையும் அரைத்துப் பூசி, நெடுக்காக வெட்டிய பீப்பாவில் கரி மூட்டிச் சுடுவது. நல்ல கையில் அது அமிர்தம். கார்னிவல் நாளில் அந்தக் கை கிடைப்பது அதிர்ஷ்டம். நான் 15 பவுண் கொடுத்து வாங்கிய தட்டில் கோழி வெளியே கறுத்து எலும்புப் பக்கம் சிவந்திருந்தது, சோறும் பயறும் ஆறிப் போயிருந்தது. கடையின் பெயரைச் சொல்லமாட்டேன், அடுத்த வருசம் அவர் அங்கே இருப்பாரோ தெரியாது. புகை பறக்கிற கடையில், வரிசை நகர்கிற கடையில் வாங்கினால் தப்பலாம். ட்ரினிடாட் டபிள்ஸ் கண்டால் யோசியாமல் வாங்குங்கோ. மெத்தென்ற பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவில் கடலைக்கறி, மேலே புளிச்சட்னி. மலிவு, கையில் பிடித்துச் சாப்பிடலாம், எங்கட நாக்குக்குப் பழகிய ருசி. காசாகக் கொண்டு போங்கோ. பின்னேரம் போன் சிக்னலும் படுத்துவிடும், கார்ட் மெசினும் படுத்துவிடும்.

ரொய்லெட் விசயம் பெண்களுக்குப் பெரிய தலையிடி. வைத்திருக்கிற தற்காலிகப் பெட்டிகள் பகல் இரண்டு மணிக்கே கண் கொண்டு பார்க்க முடியாத நிலை. அந்தத் தெருவாசிகள் சிலர் வீட்டு வாசலில் அட்டை எழுதி வைத்துக் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். பல மில்லியன் பவுண் வீட்டுக்குள் 5 பவுண் கொடுத்துப் போய்வந்த ஒரே இடம் எனக்கு அதுதான். மிச்ச வீடுகள் முழுக்கப் பலகை அடித்து மூடியிருக்கும். கார்னிவலுக்குப் பயந்து ஊரைவிட்டே போகிறவர்களும் உண்டு. ஒரு காலத்தில் கரீபியன் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாக வாடகைக்கு இருந்த தெருக்கள் இவை. இன்றைக்கு அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் வருசத்துக்கு இரண்டு நாள் வந்து ஆடிவிட்டுப் போகிறார்கள்.

பயமாக இல்லையா என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு: இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். 2024 இல் கார்னிவல் நாட்களில் தாக்கப்பட்ட இரண்டு பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் சின்னப் பிள்ளையோடு வந்த தாய். நாளுக்கு 7,000 அளவில் பொலிஸ் நிற்கிறது. ஆனால் என் பயம் கத்தியை விட நெரிசல். சில சந்திகளில் சனம் நாலு பக்கத்தாலும் வந்து முட்டி, மூச்சு எடுக்கிறதே கஷ்டமாகும். 2025 இல் அமைப்பாளர்களே இதைச் சொல்லி அரசிடம் அவசரமாகக் காசு கேட்டார்கள். பிறகு லண்டன் மாநகர நிர்வாகமும் அந்தப் பகுதியின் இரண்டு கவுன்சில்களும் சேர்ந்து 10 லட்சம் பவுணுக்குக் கிட்டக் கொடுத்தன. இதைச் சாட்டி, கார்னிவலை ஒரு பூங்காவுக்குள் மாற்று, ரிக்கெட் போடு என்று ஒரு கூட்டம் வருசா வருசம் கத்தும். பூங்காவில் வேலி போட்டால் பாதுகாப்புக் கூடலாம். ஆனால் அடித்த தெருவிலேயே ஆடிக் காட்டத்தான் இது தெருவுக்கு வந்தது. அதோடு, நடைபாதை விளிம்பில் நின்று கை நீட்டித் துணியைத் தொட்டுப் பார்க்கிற தூரம் மேடையில் கிடைக்காது. ஊழியர்களைக் கூட்டு, சந்திகளைத் திற, நடுவர் இடத்தில் படிக்கட்டு இருக்கை கூடப் போடு. அதற்கு என் வரிப்பணம் போகட்டும்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை போங்கோ. அன்று பிள்ளைகளின் நாள், சனமும் குறைவு, உடுப்பில் கைவேலையும் கூட. நுரை அட்டையில் வெட்டிய மீன், பிளாஸ்டிக் போத்தல் அடியில் செய்த பூ, அம்மா இரவிரவாக ஒட்டிய வண்ணத்துப்பூச்சி. அதே ஞாயிறு விடிய 6 மணிக்கு ஜூவே என்று ஒரு ஆட்டம் இருக்கிறது, பெயின்ற்றும் மாவும் சொக்கலேட்டும் பூசி ஆடுவது. நான் போனதில்லை, போகவும் மாட்டேன். கறை போக்குகிற வேலை எனக்குக் கடையிலேயே போதும். வெம்பிளிப் பக்கத்தால் வருகிறவர்களுக்கு 18 ஆம் இலக்க பஸ் வசதி. ஹாரோ றோட்டில் இறங்கிக் கால்வாய்ப் பாலத்தைக் கடந்தால் கிரேட் வெஸ்டர்ன் றோட். கார்னிவல் நாளில் பஸ் வழி மாறும், புறப்பட முதல் பார்த்துவிடுங்கோ. மூடின சப்பாத்துப் போடுங்கோ. சாறி வேண்டாம். கட்டிக்கொண்டு வந்த ஒருவரைப் பார்த்தேன், வடிவுதான், ஆனால் கரை முழுக்க ரம் பஞ்ச்.

என் மகளுக்கு வயது பத்தொன்பது. அடுத்த வருசம் மாஸ் விளையாடப் போகிறாளாம். போனில் படம் காட்டினாள், செம்மஞ்சள் பிரிவு, முன்வரிசை. விலையைப் பார்த்துவிட்டு நான் ஒன்றும் சொல்லவில்லை, தையலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிறகு சொன்னேன், போகிறதென்றால் போ, ஆனால் உடுப்பைப் பெட்டியில் அடைத்துத் தருகிற குழுவுக்குப் போகாதே, மாஸ் காம்பைத் திறந்து வைத்து வந்து தைக்கச் சொல்கிற குழுவுக்குப் போ. அங்கே காசும் குறைவு, வேலையும் பழகலாம். அன்ரியிடம் கேட்டோம். அவருக்குத் தெரிந்த ஒரு குழுவில் தையல் தெரிந்த ஆக்களைத் தேடி ஓடித் திரிகிறார்களாம். தாயும் மகளுமாக வந்தால் மகளுக்கு உடுப்புக் காசில் கழிவு தருவார்களாம். தோள்வாருக்குச் சதுரத் தையல் போட விடுவார்களா என்று கேட்டுச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.